செருப்போடு கழற்றி வைத்தது

1

இன்றைக்கு நம்ம சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. காலையில் போனை எடுத்தால் தம்பி சுப்பு அனுப்பிய வீடியோ பன்னிரண்டு வந்து கிடக்கிறது. கொட்டுச் சத்தம், கூட்டம், ஈரத் துண்டோடு பிரகாரத்தைச் சுற்றுகிற ஜனம். ஒன்றைக்கூட நான் முழுசாகப் பார்க்கவில்லை. பார்த்தால் என் கண் கூட்டத்தின் முகத்துக்குப் போகாது, காலுக்குத்தான் போகும். யார் காலிலாவது வண்ணத்துப்பூச்சி போட்ட பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கிறதா என்று தேடும். ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் தேடுகிறது. கிறுக்கு என்றால் இதுதான் கிறுக்கு.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், தோசை மாவு புளிக்காததைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரம் வாய்க்கவில்லை. ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன நகரத்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ரவிக்குச் சொந்த ஊர் புளியங்குடி. இங்கே கியர் செய்கிற கம்பெனியில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், பெயர் கோமதி. நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய கால்களைப் பற்றியும், போன வருஷம் இதே திருவிழாவில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியும்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

கோமதி இருபத்தெட்டாவது வாரத்தில் பிறந்தாள். ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் இருக்குமே, அவ்வளவுதான் எடை. இரண்டரை மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். எனக்கு அப்போது ஜெர்மன் அரைகுறை. அவர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டினேன். பத்தாம் மாதத்தில்தான் பெருமூளை வாதம் என்ற பெயர் வந்தது. கால் இரண்டும் விறைத்துக்கொள்ளும், குதிகால் தரையில் படியாது. நடப்பாளா என்று கேட்டதற்கு, அது நீங்கள் செய்யும் பயிற்சியைப் பொறுத்தது என்றார்கள். அந்த 'நீங்கள்' நான்தான் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

பயிற்சியாளர் அறுபது வயது இருக்கும் ஒரு பெண்மணி. சிரித்துப் பார்த்ததில்லை. வாரம் ஒரு நாள் நான் பார்த்துத் திருத்துவேன், மற்ற நாளெல்லாம் தாய்தான் செய்ய வேண்டும், ஒரு நாளைக்கு நாலு தடவை என்றார். பாயில் குழந்தையைக் குப்புறப் போட வேண்டும். தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும். குதிகாலில் ஒரு விரல், முழங்கையில் ஒரு விரல் வைத்து, விடாமல் அழுத்த வேண்டும். அழுத்தினால் உடம்பு தானாகவே தவழப் பார்க்கும், அப்படியே மூளை வழியைக் கற்றுக்கொள்ளும் என்று விளக்கினார். வலிக்காது என்றும் சொன்னார். வலிக்காதென்றால் ஏன் இந்தக் கத்துக் கத்துகிறாள் என்று கேட்டேன். நகர முடியாமல் பிடித்துவைத்தால் நீயும்தான் கத்துவாய் என்றார். அது நியாயம்தான்.

காலை எட்டு, பதினொன்று, மூன்று, ஆறு. ஐந்து வருஷமாக இதுதான் என் வீட்டுக் கடிகாரம். நல்ல நாள், கெட்ட நாள், பிறந்த நாள், பொங்கல் எதுவும் கிடையாது. அப்பா இறந்த செய்தி வந்த அன்றைக்கும் பதினொரு மணிப் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

இந்தச் சத்தம் கீழ்வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு பெண் கோப்போடு வந்து நின்றார். ரவி வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் என்ன நடக்கிறது என்று அந்தப் பெண் கேட்க, பதற்றத்தில் எனக்குப் பயிற்சி என்ற வார்த்தையே வாயில் வரவில்லை. "நான் என் மகளைத் தினமும் நாலு தடவை அழ வைக்கிறேன்" என்று சொன்னேன். வகுப்பில் படித்த ஒழுங்கோடு, இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல் சொன்னேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு பயிற்சியாளர் போன் செய்து விளக்கியதும், அந்தப் பெண் சாக்லேட் பெட்டியோடு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த ஊரில் நான் பேசிய ஜெர்மனிலேயே அதைவிட உண்மையான வாக்கியம் வேறு இல்லை.

கோமதிக்குத் தமிழ் வரும், எங்கள் வீட்டுத் தமிழ். ஆனால் வருஷம் ஏற ஏற ஜெர்மன் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டது. எண்ணுவது, விளையாடுவது, பொம்மையைத் திட்டுவது எல்லாம் ஜெர்மனில். பாயில் கிடக்கும்போது மட்டும் 'வலிக்குது' என்பது தமிழில் வரும். முடிந்துவிட்டதா என்று கேட்பது ஜெர்மனில்.

3

போன வருஷம் ஏப்ரலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் பந்து, இடுப்புக் குழியிலிருந்து மெல்ல வெளியே நழுவிக்கொண்டிருந்தது. அக்டோபரில் மறுபடி எடுப்போம், இன்னும் நழுவியிருந்தால் எலும்பை வெட்டித் திருப்பித் தகடு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை தினம் ஒரு மணி நேரம் அவளை நிற்க வைக்க வேண்டும். சும்மா இல்லை, ஸ்ப்ளின்ட் மாட்டி, ஸ்டாண்டர் என்கிற நிற்கும் சட்டத்தில் கட்டி. ஸ்ப்ளின்ட் என்பது முழங்காலுக்குக் கீழிருந்து கால்விரல் வரை பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கூடு. அது இருந்தால்தான் குதிகால் படியும், பாரம் இடுப்பில் இறங்கும். இல்லாமல் நிற்க வைத்தால் நுனிக்காலில் குத்தி நிற்பாள். அது நின்ற கணக்கில் வராது.

அந்த ஸ்ப்ளின்ட் வருவதற்கே காப்பீட்டு அலுவலகத்தோடு நான் மல்லுக்கட்டியது ஒரு தனிக் கதை. முதலில் மறுத்தார்கள். ஆட்சேபக் கடிதம் எழுதினேன். இன்னொரு டாக்டரின் சான்று கேட்டார்கள். அனுப்பினேன். தவறான படிவம் என்றார்கள். ஐந்து கடிதம். அகராதியை வைத்துக்கொண்டு, வினைச்சொல்லை வாக்கியத்தின் எந்த மூலையில் போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு எழுதினேன். கடைசியில் வந்தது, ஊதா வண்ணத்துப்பூச்சி போட்ட இரண்டு கூடு. கோமதிதான் படத்தைத் தேர்ந்தெடுத்தாள். அன்றைக்கு ராஜ்யம் ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்தக் கோடையில் ஊருக்குப் போயே ஆக வேண்டும்போல் இருந்தது. ஐந்து வருஷமாகப் போகவில்லை. நிற்பதை ஒரு நாளும் விடக்கூடாது என்ற நிபந்தனையோடு பயிற்சியாளர் சம்மதித்தார். ரவிக்கு லீவு இல்லை. நானும் கோமதியும் மட்டும், ஐந்து வாரம். ஸ்டாண்டரை விமானத்தில் கொண்டுவர முடியாதே என்று சுப்புவிடம் புலம்பினேன். அவனுக்கு ஊரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். நாங்கள் போய் இறங்கும்போது பக்கத்துப் பட்டறையில் இரும்புக் குழாய் வளைத்து, பஸ் சீட்டு ரெக்சின் தைத்து, ஸ்டாண்டர் தயாராக நின்றது. டிராக்டர் டிரெய்லருக்கு அடித்த பச்சை பெயின்ட் மிச்சம் இருந்ததாம், அதையே அடித்துவிட்டிருந்தான். கோமதி அதற்கு டிராக்டர் என்று பேர் வைத்தாள். ஜெர்மனியில் நிற்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறவள், டிராக்டரில் ஏறி ஒன்றேகால் மணி நேரம் நின்றாள். முதல் பத்து நாள் நான் சந்தோஷமாகவே இருந்தேன். இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை.

4

சுப்புவின் மனைவி செல்வி ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். கோமதி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த காலத்தில், இந்தப் பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் நூற்றியொரு ஆடிச்சுற்று சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். ஆடிச்சுற்று நம்ம ஊருக்கே உள்ள வழக்கம். கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாள். அவளுக்குக் கால் வலிக்குமே என்று, கொடியேறினதிலிருந்து ஜனங்கள் பிரகாரத்தைச் சுற்றுவார்கள். சுற்றுகிறவர்கள் அவளுடைய கால்வலியில் கொஞ்சம் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. செல்வி ஐந்து வருஷமாகச் சுற்றியிருக்கிறாள். ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. சுப்பு சொல்லித்தான் தெரியும். அந்த வருஷச் சுற்று முடித்து, கால் வீங்கி, வெந்நீர் வாளிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தவள், மெல்ல ஆரம்பித்தாள்.

"மைனி, அவள ஒரே ஒரு தடவ அம்மன் முன்னால தரையில நிப்பாட்டணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? தபசுக்கு மூன்று நாள் முன்னால் காலையில் கிளம்பினோம். கோமதிக்குப் பட்டுப்பாவாடை. கதையைக் கேட்டுக்கொண்டே ஆட்டோவில் வந்தவள், அம்மனுக்கும் ஸ்ப்ளின்ட் உண்டா என்று கேட்டாள். செல்வி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோயிலுக்குப் போகும் வீதியில் ஒரு தேங்காய்க் கடை. அர்ச்சனைத் தட்டு வாங்கினால் செருப்பை அங்கேயே விட்டுக்கொள்ளலாம். டோக்கன் எல்லாம் கிடையாது, பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட வேண்டியதுதான். கோமதியின் ஷூவைக் கழற்றினேன். உள்ளே ஸ்ப்ளின்ட் தெரிந்தது. கடைக்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அதையும் கழற்றிவிடுங்கள் தாயி, வார் தோல் மாதிரி தெரிகிறது என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்த்த இரக்கத்தோடு, சாதாரணமாகச் சொன்னார்.

சுப்புதான் உடனே குறுக்கே வந்தான். "எக்கா, நீ கழத்தாத. உள்ள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. சொன்னா நான் பேசிக்கிடுதேன்."

"சாமி முன்னால எப்படில இதப் போட்டுட்டுப் போறது?" என்றேன். சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

காப்பீட்டு அலுவலகத்துக்கு ஐந்து கடிதம் எழுதியவள். 'இது செருப்பு இல்லை, மருந்து' என்று சொல்ல எனக்கு என்ன கேடு வந்தது? அதை என் தாய்மொழியில், என் சொந்த ஊரில், ஒரு தேங்காய்க் கடைக்காரியிடம் சொல்ல முடியவில்லை. காலில் மாட்டியது எதுவாக இருந்தாலும் வாசலில் கழற்ற வேண்டும் என்று உடம்பிலேயே ஊறிக் கிடக்கிறது. கை தானாகப் போய் வாரை அவிழ்த்துவிட்டது.

அது மட்டுமில்லை. முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அம்மன் அந்தக் காலை அதன் கோலத்திலேயே பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கூட்டை மாட்டி, குதிகாலைப் படிய வைத்து, இதோ நிற்கிறாள் பார் என்று காட்டினால், சரி இவளுக்கு ஜெர்மன்காரன் பார்த்துக்கொள்வான் என்று அவள் விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். படித்தவள்தான் நான். பி.எட். முடித்தவள். ஐந்து வருஷத்தில் தசை, நரம்பு, எலும்பு பற்றி நான் படித்ததை வைத்துப் பாடமே எடுக்கலாம். அந்த இடத்தில் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இரண்டு கூட்டையும் ஷூவையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

உள்ளே கூட்டம் நெரித்தது. செல்வி ஒரு கையும் நான் ஒரு கையும் பிடித்து, சன்னதிக்கு எதிரே கோமதியைத் தரையில் நிறுத்தினோம். நுனிக்கால் மட்டும் கல்லில் குத்தி நின்றது. குதிகால் இரண்டு விரற்கடைக்கு மேலே நின்றது. பின்னால் நின்ற பெண்கள் பிள்ளையின் காலைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். இந்தா பாரு, நல்லாப் பாரு, இப்படித்தான் இருக்கு என்று மனசுக்குள் அம்மனிடம் கத்தினேன். வேண்டுதல் மாதிரி இல்லை, சண்டை மாதிரி இருந்தது. அரை நிமிஷம்கூட இருக்காது. கோமதிக்குக் கால் பின்னிக்கொண்டது, தூக்கிக்கொண்டேன்.

5

வெளியே வந்தால் தேங்காய்க் கடைக்கு முன்னால் பெஞ்சு இல்லை. சப்பரம் வருகிறது, வழியை விடுங்கள் என்று சொல்லிக் கடைகளை உள்ளே தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பெஞ்சடியில் கிடந்த செருப்பையெல்லாம் கூடை கூடையாக அள்ளிப் பக்கத்துச் சந்தில் கொட்டியிருந்தார்கள். ஆள் உயரக் குவியல். அதைச் சுற்றி இருபது முப்பது பேர், தங்கள் செருப்பைத் தேடி.

கோமதியைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு, முட்டி போட்டுக் குவியலுக்குள் கையை விட்டேன். எத்தனை செருப்பு, எத்தனை ஊர்க் கால்! மஞ்சப்பை ஐந்தாறு கிடைத்தது. ஒன்றில் ரப்பர் செருப்பு, ஒன்றில் பழைய துண்டு, ஒன்றில் யாரோ மறந்துவிட்ட பிரசாதம். எங்கள் பை இல்லை. குவியலை முழுசாக ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றிப் போட்டோம், நானும் சுப்புவும். அப்புறம் கடைக்கார அம்மாவும் உட்கார்ந்து தேடினார். யாரோ தன் பை என்று நினைத்து எடுத்துப் போயிருப்பார்கள் தாயி, வீட்டில் போய்ப் பார்த்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரா, தன்னைத் தேற்றிக்கொண்டாரா தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திருவிழாவில் பிள்ளைகள் தொலைந்தால் அறிவிக்கிற மைக் இருக்குமே, சுப்பு அங்கே போய்ச் சொன்னான். சிவப்புச் சட்டை போட்ட நான்கு வயதுக் குழந்தை, பேர் சொல்லத் தெரியாத பெண் குழந்தை, இவற்றுக்கு நடுவில், வண்ணத்துப்பூச்சி படம் போட்ட பிளாஸ்டிக் கால் கூடு ஒரு ஜோடி, மஞ்சப்பையில் வைத்தது, என்று ஊரெல்லாம் கேட்டது. தபசு அன்றைக்கும் கேட்டது. குடியானவர்கள் விளைந்த பருத்தியையும் வத்தலையும் அம்மனை நோக்கி அள்ளி வீசுகிற நேரத்தில், நான் கூட்டத்தின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பை வரவே இல்லை.

6

ரவியிடம் சொல்லவில்லை. நல்லா நிக்கா, நல்லா நிக்கா என்று தினமும் பொய் சொன்னேன். எப்படிச் சொல்வது? அவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து, நான் எழுதிய கடிதங்களைப் பிழை திருத்திக் கொடுத்தவர்.

காப்பீட்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். புது ஸ்ப்ளின்ட்டுக்குக் குழந்தை நேரில் வந்து அளவு கொடுக்க வேண்டும், அனுமதிக்கு ஆறு வாரம் ஆகும், தொலைந்த இடமும் காரணமும் படிவத்தில் குறிப்பிட வேண்டும் என்று பதில் வந்தது. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு முன்னாலேயே போனாலும் அந்த ஆறு வாரம் குறையாது. சுப்பு எங்களைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனான். அங்கே செயற்கைக் கால் செய்கிற ஒருவர் மாவுக்கட்டுப் போட்டு அளவெடுத்தார். நல்ல மனிதர், ராத்திரி பகல் பார்க்காமல் எட்டு நாளில் செய்து கொடுத்தார். மாட்டிய இரண்டாம் நாளே கணுக்காலில் தோல் உரிந்து ரத்தம் கட்டியது. திருத்திக் கொடுத்தார். மறுபடி உரிந்தது. புண் ஆறாமல் எதையும் மாட்டக் கூடாது என்று அங்கே காட்டிய டாக்டர் சொல்லிவிட்டார். டிராக்டர் மூலையில் நின்றது. செல்வி அதன்மேல் ஒரு சேலையைப் போட்டு மூடிவைத்தாள், என் கண்ணில் படக்கூடாது என்று.

ஒரு நாள் மத்தியானம் மேலநீலிதநல்லூரிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மைக்கில் கேட்டேன், விசாரித்து வந்தேன் என்று சொல்லிச் சாக்குப்பையைப் பிரித்தார். உள்ளே ஒரு ஜோடி இரும்புக் கம்பிச் செருப்பு, வாரெல்லாம் காய்ந்து வெடித்தது. அவர் மகனுக்குச் சின்ன வயதில் செய்ததாம்.

"இது ஆகுமான்னு பாருங்க. அவன் இப்ப போடுதது இல்ல" என்றார்.

வளர்ந்துவிட்டானா என்று கேட்டேன். வளர்ந்துவிட்டான், செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறான், நடக்கிறதை விட்டுவிட்டான் என்றார். ஏன் விட்டான் என்று கேட்டேன். பதிமூன்று பதினாலு வயதில், போதும்ப்பா என்று ஒரு நாள் சொன்னானாம். இவரும் சரி என்று விட்டுவிட்டாராம். அதை அவர் குறையாகவும் சொல்லவில்லை, நிறைவாகவும் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டு, அந்தக் கம்பிச் செருப்பை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். கோமதியின் காலுக்கு அது இரண்டு மடங்கு பெரிசு.

பை தொலைந்த நாளிலிருந்தே, வேறு வழியில்லாமல் என் கைகளையே கூடாக்கினேன். கோமதியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, இரண்டு குதிகாலையும் உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் போனில் கார்ட்டூன் பார்ப்பாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். நடுவில் நாலு தடவை பாய்ப் பயிற்சியும் உண்டு, அதை நிறுத்தவில்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது. கை விட்டதும் பாதம் மறுபடி வில்லாக வளைந்துகொள்ளும். மூன்று வாரம் இப்படி. என் கை எலும்பா, இரும்பா? பத்தாவது நாள் வீடியோ காலில் ரவி அவளுடைய வெறுங்காலைப் பார்த்துவிட்டார். மணியைப் பார்த்தார். அது நிற்கிற நேரம். எல்லாவற்றையும் சொன்னேன். முழுசும் கேட்டார். அப்புறம், "நானா இருந்தாலும் கழத்தித்தான் இருப்பேன்" என்றார்.

திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம்.

7

திரும்பி வந்து, படிவத்தில் 'கோயில் வாசலில், செருப்போடு கழற்றி வைத்தபோது' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பெண் அதிகாரி போன் செய்தார். கோயிலுக்குள் போக எதற்காக மருத்துவச் சாதனத்தைக் கழற்றினீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் நக்கல் எதுவும் இல்லை, உண்மையிலேயே புரியவில்லை. எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் திரட்டிச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவர் 'அலட்சியம்' என்ற கட்டத்தில் குறியிட்டுவிடட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். ஊரில் மூன்று வாரம், இங்கே புது ஸ்ப்ளின்ட் வரும் வரை ஆறு வாரம், ஆக ஒன்பது வாரம் அவள் நிற்கவில்லை.

அக்டோபர் எக்ஸ்ரேயில் பந்து பாதிக்கு மேல் வெளியே இருந்தது. டாக்டர் தேதி குறித்தார். அந்த ஒன்பது வாரத்தால்தானா என்று கேட்டேன். ஒன்பது வாரத்தில் இவ்வளவு நடக்காது, இது முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தது என்றார். அந்த ஒன்பது வாரமும் அவள் நின்றிருந்தால் தப்பித்திருப்பாளா என்று கேட்டேன். அவர் நேர்மையான மனிதர். தெரியாது என்றார். அந்தத் 'தெரியாது' என்னோடு இந்த வீட்டில் குடியிருக்கிறது. சமைக்கும்போது பக்கத்தில் நிற்கிறது, குளிக்கும்போது நிற்கிறது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன், இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன்.

ஆபரேஷன் நவம்பரில். காலை ஏழு மணிக்குக் கோமதிக்குக் கரடி படம் போட்ட கவுன் மாட்டி, கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். தூக்கத்துக்கு ஒரு மருந்து கொடுத்து, அது மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ரவி கையெழுத்துப் போட வெளியே போயிருந்தார். அவள் என் சட்டைப் பட்டனைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஆபரேஷன் முடிஞ்சா கால் சரியாயிரும்லா?"

"ஆமா மக்கா."

"அப்ப இனிமே நீ மட்டும் வந்தாப் போதும். பாயில வருவால்லா, அந்த அம்மா வேண்டாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்த அம்மா என்று கேட்டேன். அவள் கண் சொருகச் சொருக, ஜெர்மனும் தமிழுமாகச் சொன்னாள். சோறு ஊட்டுகிற அம்மா ஒருத்தி, கதை சொல்கிற அம்மாவும் அவள்தான். மணி அடித்ததும் பாயை எடுத்துக்கொண்டு வருகிறவள் இன்னொருத்தி. அவளுக்கும் உன் மூஞ்சிதான், ஆனால் அவள் பேச மாட்டாள், எண்ணிக்கொண்டே இருப்பாள். ஐந்து வருஷமாக இந்தப் பிள்ளை இரண்டு தாயோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது.

"அவ வரமாட்டால்லா?" என்று மறுபடி கேட்டாள்.

என் கைப்பைக்குள் பயிற்சியாளர் கொடுத்த தாள் இருந்தது. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு, காயம் பார்த்து, ஒரு நாளைக்கு ஐந்து தடவை. நாலு இல்லை, ஐந்து. இந்த ஆறு மாதத்தை விட்டால் ஆபரேஷனே வீண் என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தார்.

"வரமாட்டா" என்றேன்.

சரி என்று சொல்லிச் சிரித்தாள். அப்படியே தூங்கிப்போனாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பிலிருந்து பாதம் வரை, காலை அகட்டி வைத்தபடி. அந்த ஆறு வாரமும் பயிற்சி கிடையாது. நான் அவளுக்குக் கதை சொன்னேன், ஊட்டினேன், தலை பின்னினேன், பொம்மைக்குச் சட்டை தைத்தேன். அவள் என்னைக் கொஞ்சிய கொஞ்சலை எழுத எனக்குத் தெம்பில்லை. வருகிறவர்களிடமெல்லாம், எங்கள் வீட்டில் இப்போது ஒரு அம்மாதான் என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் சிரித்தார்கள்.

ஜனவரியில் கட்டுப் பிரித்தார்கள். கால் இரண்டும் வற்றல் குச்சியாக இருந்தது. டாக்டர் சம்மதம் கொடுத்த மறுநாள் காலை எட்டு மணி. நான் பாயை விரித்தேன். அவளைத் தூக்கி வந்து குப்புறப் படுக்க வைத்தேன். என் முகத்தையே பார்த்தாள். கத்துவாள், பொய் சொன்னாயே என்பாள், அடிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவளோ, நான் எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பேனோ அந்தப் பக்கமாகத் தலையைத் தானே திருப்பி வைத்துக்கொண்டு, நான் எண்ண ஆரம்பிப்பதற்காகக் காத்துக் கிடந்தாள்.